கம்பி இழுப்பதும் நிரல் எழுதுவதே

கட்டட வடிவமைப்பு மென்பொருளில் திரும்பத் திரும்பச் செய்யவேண்டியிருக்கும் வேலைகளைக் கணினியிடமே ஒப்படைத்துவிட நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை, திரையில் பெட்டிகளை வைத்து அவற்றைக் கம்பிகளால் இணைக்கத் தெரிந்தால் போதும் என்ற நம்பிக்கை, கடந்த பதினைந்து ஆண்டுகளில் பொறியியல் அலுவலகங்களிலும் பயிற்சி நிலையங்களிலும் ஆழமாக வேரூன்றிவிட்டது. இதிலிருந்து இன்னொரு நம்பிக்கையும் கிளைத்திருக்கிறது. பெட்டியும் கம்பியும் நிரல் தெரியாதவர்களுக்கு, எழுத்து நிரல் தெரிந்தவர்களுக்கு. ஆகவே எதைத் தேர்வது என்பதை அலுவலகத்தில் யாருக்கு என்ன தெரியும் என்று பார்த்து முடிவுசெய்துவிடலாம் என்பது அது. இரண்டுமே தவறு. முதல் தவறு தொழில்நுட்பத்தைப் பற்றியது. இரண்டாவது அதைவிடக் கனமானது, ஏனெனில் ஓர் அலுவலகம் தான் தேடிய அறிவை எங்கே சேர்த்துவைக்கிறது என்பதையே அது தீர்மானித்துவிடுகிறது.

இந்தக் கேள்வி பெருநகரங்களுக்கு மட்டும் உரியதன்று. கர்நாடக எல்லையில் ஓசூரில் தொடங்கிச் சூளகிரி, கிருஷ்ணகிரி வழியாகப் பர்கூர் வரை சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டி நீளும் தொழிற்பட்டையில், அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் ஆகியவற்றின் பழைய ஆலைகளோடு, போச்சம்பள்ளியில் ஓலாவின் மின்ஸ்கூட்டர் ஆலை, ஓசூருக்கு அருகே டாடா எலெக்ட்ரானிக்ஸ் எனப் புதிய பெருங்கட்டடங்கள் அண்மை ஆண்டுகளில் எழுந்திருக்கின்றன. இத்தகைய கட்டடங்களின் தூண், உத்தரம், குழாய், மின்தட்டு ஆகியவற்றுக்கான வரைபடங்களை முப்பரிமாண மாதிரியிலிருந்து எடுப்பது இன்று வழக்கமாகிவிட்டது. பர்கூரில் 1994இல் தொடங்கப்பட்ட அரசுப் பொறியியல் கல்லூரியைப் போன்ற கல்லூரிகளிலிருந்து வெளிவரும் இளைஞர் ஒருவர், மேற்கே ஓசூர் ஆலைகளுக்குப் போனாலும் எல்லை தாண்டிப் பெங்களூரு வடிவமைப்பு அலுவலகங்களுக்குப் போனாலும், இந்த இரு வழிகளில் ஒன்றை முதல் ஆண்டிலேயே எதிர்கொள்ள நேரிடும்.

சொற்களை முதலில் விளக்கிவிடுவது நல்லது. 2000இல் முதன்முதலாக வெளிவந்து 2002இல் ஆட்டோடெஸ்க் நிறுவனத்தின் கைக்கு வந்த ரெவிட் போன்ற மென்பொருளில் சுவர் என்பது இரண்டு கோடுகள் அன்று. நீளம், தடிமன், பொருள், எந்தத் தளத்தைச் சேர்ந்தது என்ற செய்திகளையெல்லாம் தன்னுள் வைத்திருக்கும் ஒரு தரவுப் பொருள் அது. அத்தகைய பொருள்கள் ஆயிரக்கணக்கில் சேரும்போது, நானூறு கதவுகளுக்கு எண்ணிடுவது, நூறு வரைதாள்களை உருவாக்குவது, அறைகளின் பரப்பை எக்செல் பட்டியலாக்குவது போன்ற வேலைகள் மனிதரின் பொறுமையைத் தின்றுவிடுகின்றன. இவற்றைத் தானியக்கமாக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, ரெவிட்டுடன் வரும் டைனமோ, ரைனோ என்னும் முப்பரிமாண வடிவமைப்பு மென்பொருளுடன் வரும் கிராஸ்ஹாப்பர் ஆகிய கருவிகளில், ஒவ்வொரு செயலையும் ஒரு பெட்டியாக, அதாவது தொழிலில் இருப்போர் ‘நோட்’ என்று சொல்லும் கணுவாக வைத்து, ஒரு கணுவின் விளைவு அடுத்த கணுவுக்குப் போகும்படி கம்பி இழுப்பது. இவ்வாறு அமையும் முழுப் படத்துக்கு ‘கிராஃப்’ என்று பெயர். மற்றொன்று, மென்பொருள் தன் உட்பொருள்களை வெளி நிரல்கள் தொடுவதற்கென்று திறந்துவைத்திருக்கும் வாசலாகிய ஏபிஐ வழியாக, சி ஷார்ப்பிலோ பைத்தானிலோ எழுத்தாகவே நிரல் எழுதி, அதை ‘ஆட்-இன்’ என்னும் கூடுதல் பொத்தானாக மென்பொருளில் பொருத்துவது.

படத்தால் நிரல் எழுதும் எண்ணம் கட்டடத் துறைக்காகப் பிறந்ததன்று, புதியதும் அன்று. 1963இல் ஐவன் சதர்லண்ட் திரையில் வரையும் ஸ்கெட்ச்பேட் அமைப்பை உருவாக்கியதற்கு மூன்று ஆண்டுகள் கழித்து, அவருடைய உடன்பிறந்தவரான வில்லியம் சதர்லண்ட், கணக்கீட்டையே படமாக வரைந்து இயக்கும் முறையைத் தம் எம்ஐடி ஆய்வேட்டில் காட்டினார். கட்டட வடிவமைப்பாளர்களிடம் அந்த எண்ணம் பரவலாகச் சென்று சேர, 2007இல் டேவிட் ரட்டன் ரைனோவுக்காக உருவாக்கி, பின்னர் கிராஸ்ஹாப்பர் என்று பெயர் பெற்ற கருவி வரவேண்டியிருந்தது. 2010களின் தொடக்கத்தில் இயன் கீயோ திறந்த மூலத் திட்டமாகத் தொடங்கிய டைனமோ, ரெவிட் 2020 முதல் அந்த மென்பொருளோடு சேர்ந்தே நிறுவப்படுகிறது. இடைப்பட்ட காலத்தில், 1986இலேயே மென்பொருள் ஆய்வாளர் ஃபிரெட் புரூக்ஸ், நிரலின் கடினம் அதை எழுதும் எழுத்துமுறையில் இல்லை, தீர்க்க எடுத்துக்கொண்ட சிக்கலுக்குள்ளேயே இருக்கிறது என்பதால் படமாக வரைவதால் அது கரைந்துவிடாது என்று வாதிட்டிருந்தார். அந்த வாதத்துக்கு இன்றுவரை மறுப்பு எழுதியவர்களைவிட, அதைப் படிக்காமல் பயிற்சி வகுப்பு தொடங்கியவர்களே அதிகம்.

அந்த வாதம் எவ்வளவு சரியானது என்பதைப் பர்கூர் வட்டாரத்துக்குப் பழக்கமான பொருளாகிய கிரானைட்டைக் கொண்டே காட்டலாம். ஒரு கட்டடத்தின் முகப்புச் சுவருக்குக் கிடையாக 12, மேல்நோக்கி 8 வரிசை என்று 96 கிரானைட் பலகைகளைப் பொருத்தவேண்டும் எனக் கொள்ளலாம். டைனமோவில் கிடை அளவுகளின் பட்டியலில் 12 எண்களும், உயர அளவுகளின் பட்டியலில் 8 எண்களும் ஒரு கணுவுக்குள் நுழையும்போது, அவற்றை எப்படி இணைப்பது என்பதை ‘லேஸிங்’ என்ற அமைப்பு தீர்மானிக்கிறது. குறுகிய பட்டியலின்படி என்றால் இரண்டு பட்டியல்களின் உறுப்புகளும் ஒன்றுக்கு ஒன்றாகச் சேர்ந்து 8 பலகைகள் மட்டும் மூலைவிட்டமாக விழும். நீண்ட பட்டியலின்படி என்றால் தீர்ந்துபோன பட்டியலின் கடைசி எண் திரும்பத் திரும்ப வந்து 12 பலகைகள் விழும். ஒவ்வொன்றோடும் ஒவ்வொன்றும் என்றால்தான் 96 கிடைக்கும். இது எழுத்து நிரலில் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு சுழல்களை எழுதுவதற்கும் இரண்டு பட்டியல்களை இணைகூட்டுவதற்கும் உள்ள அதே வேறுபாடுதான். சுழல் என்ற சொல்லைக் கேட்டு அஞ்சியவரிடமிருந்து அந்தச் சொல் மறைக்கப்பட்டதே தவிர, சுழலைப் பற்றி அவர் எடுக்கவேண்டிய முடிவு மறையவில்லை. அது கணுவின் மூலையில் கண்ணுக்கு எளிதில் படாத சிறு குறியாகச் சுருங்கிவிட்டது.

இந்த எடுத்துக்காட்டில் பிழை கண்ணுக்குத் தெரிந்துவிடும், சுவரின் பெரும்பகுதி வெறுமையாக நிற்கும் என்று சொல்லலாம். உண்மைதான்; ஆனால் கண்ணுக்குத் தெரியாத பிழை அடுத்த கட்டத்தில் காத்திருக்கிறது. 96 பலகைகளில் சன்னலோரம் ஒன்று அளவு குறைந்தது என்பதற்காக எங்கோ ஒரு வடிகட்டும் கணு அதைப் பலகை எண்களின் பட்டியலிலிருந்து மட்டும் நீக்கிவிட்டது எனக் கொண்டால், பலகைகள் 96, எண்கள் 95 என்றாகிவிடும். குறுகிய பட்டியலின்படி இணைக்கும் கணு எந்த எச்சரிக்கையும் தராமல் இரண்டையும் இணைத்து முடிக்கும். விடுபட்ட இடம் வரை எல்லாம் சரி. அதற்குப் பிறகு ஒவ்வொரு பலகையும் அடுத்த பலகையின் எண்ணைச் சுமந்து நிற்கும். கடைசிப் பலகைக்கு எண்ணே இராது. திரையில் சுவர் முழுமையாகத் தெரியும், எண்களும் வரிசையாகவே தெரியும், அந்தப் பட்டியல் அறுப்பாலைக்குப் போய்விடும். கணினியில் செய்த எதையும் ஒரு விசையில் திரும்பப் பெறலாம். அறுத்த கல்லை ஒட்டமுடியாது.

இதே பிழை எழுத்து நிரலிலும் வரும் என்பதை மறைக்கவேண்டியதில்லை. பைத்தானில் இரண்டு பட்டியல்களை இணைக்கும் ‘ஜிப்’ என்ற செயற்கூறும் இப்படித்தான் குறுகிய பட்டியலோடு நின்றுவிடும். இதனால் பலர் பட்டபாட்டின் பயனாக, 2021இல் வெளிவந்த பைத்தான் 3.10இல், நீளங்கள் பொருந்தாவிட்டால் பிழை எழுப்பும் கண்டிப்பான வடிவம் ஒன்று சேர்க்கப்பட்டது. ஒரே பிழை இரு இடங்களிலும் ஒரே காரணத்தால் வருகிறது என்பதே கம்பி இழுப்பது நிரல் எழுதுவதுதான் என்பதற்கு நேரான சான்று. வேறுபாடு ஒன்றுதான்: எழுத்து நிரல் கற்றவருக்கு, இப்படி நடக்கும், இன்ன இடத்தில் ஒரு வரி சோதனை எழுதவேண்டும் என்று யாரோ ஒருவர் சொல்லிக்கொடுத்திருப்பார், கம்பி இழுப்பவரிடமோ, இது நிரலே அன்று என்று சொல்லித்தான் வகுப்பைத் தொடங்கியிருப்பார்கள்.

அளவுகளின் கதையும் இதே வகையைச் சேர்ந்தது. ரெவிட் நீளங்களைத் தன் உள்ளுக்குள் எப்போதும் அடிக்கணக்கில்தான் வைத்திருக்கிறது. திரையில் மில்லிமீட்டர் காட்டுவது மேற்பூச்சு. டைனமோவின் ஆயத்தக் கணுக்கள் இந்த மாற்றத்தைத் தாமே செய்துவிடுவதால் பயனர் அதை அறியவேண்டிய தேவை எழுவதில்லை. ஆனால் ஆயத்தக் கணுக்களால் முடியாத ஏதோ ஒரு தேவைக்காக, கிராஃபின் நடுவே பைத்தான் கணு ஒன்றைச் செருகி நேராக ஏபிஐயைத் தொட்ட உடனே, பூச்சு உதிர்ந்து அடி வெளிவரும். 3000 என்று எழுதியவர் மூன்று மீட்டர் தூணை எதிர்பார்க்க, 914 மீட்டர் உயரமுள்ள தூண் ஒன்று வானத்தை நோக்கிக் கிளம்பும். கிராஃப் கொஞ்சம் வளர்ந்ததும் அதில் பைத்தான் கணு நுழையாமல் இருப்பது அரிது என்பதால், நிரல் தெரியாமலே காலம் தள்ளலாம் என்ற வாக்குறுதி, உண்மையில் நிரல் தெரியவேண்டிய நாளைத் தள்ளிப்போடும் வாக்குறுதியாகவே முடிகிறது. தள்ளிப்போன நாளோ பெரும்பாலும் வரைபடம் ஒப்படைக்கவேண்டிய நாளுக்கு முந்திய இரவில் வந்து சேர்கிறது. டைனமோ, தான் உருவாக்கிய பொருள்களை நினைவில் வைத்துக்கொண்டு மறுமுறை ஓடும்போது புதிதாக உருவாக்காமல் அவற்றையே திருத்தும் வழக்கமும் அப்படித்தான். அறிந்தவருக்கு அது வசதி, அறியாதவருக்கு நேற்று வைத்த தூண்கள் இன்று இடம் மாறி நிற்கும் மாயம்.

நிரல் என்றால் தமக்கு வராது என்று சொல்லும் கட்டமைப்புப் பொறியாளர்களின் அச்சத்துக்கு அடிப்படை என்ன என்பதும் கேட்கத்தக்கது. தமிழ்நாட்டில் ஒரு தலைமுறைக்கு மேலாகக் கட்டமைப்புப் பகுப்பாய்வுக்குப் புழங்கிவரும் ஸ்டாட் மென்பொருளின் உள்ளீட்டுக் கோப்பு முழுக்க எழுத்தால் ஆனது. முனைகளின் ஆயங்கள், எந்த முனையிலிருந்து எந்த முனைக்கு எந்த உறுப்பு, என்ன சுமை, எந்த நெறிமுறைப்படி வடிவமைப்பு என்று வரிவரியாகக் கட்டளைகள் எழுதிய அந்தக் கோப்பை, எடிட்டரில் திறந்து கையால் திருத்தாத மூத்த பொறியாளர் அரிது. படமாக வரையும் வசதி வந்த பிறகும், சுமைக் கூட்டுகளை மாற்றவேண்டும் என்றால் எழுத்துக் கோப்பைத் திறப்பதே விரைவு என்று அவர்களுக்குத் தெரியும். ஆட்டோகேட் காலத்து வரைவாளர்களில் பலர் 1986 முதல் கிடைத்த ஆட்டோலிஸ்ப்பில் எழுதப்பட்ட சிறு நிரல்களை ஒருவரிடமிருந்து ஒருவர் வாங்கி, ஓரிரு எண்களை மாற்றிப் பயன்படுத்தியவர்களே. எக்செல்லில் நிபந்தனைக்குள் நிபந்தனையாகச் சூத்திரம் எழுதாத எஸ்டிமேட்டர் எங்கும் இல்லை. இவர்கள் எல்லோரும் நிரல் எழுதியவர்கள். அந்தப் பெயரை மட்டும் யாரும் அவர்களுக்குக் கொடுக்கவில்லை. அப்படியிருக்க, எழுத்தைக் கண்டால் பொறியாளர் அஞ்சுவார், படம்தான் அவருக்கு ஏற்றது என்று தீர்மானித்தவர்கள் எந்தப் பொறியாளரைப் பார்த்துத் தீர்மானித்தார்கள் என்பது விளங்கவில்லை.

இனி, படநிரலின் பக்கம் நின்று சொல்லத்தக்க மிக வலிமையான வாதத்தைப் பார்க்கவேண்டும். அது வடிவமைப்பு அலுவலகத்தில் இல்லை, அதே தொழிற்பட்டையின் ஆலைக்குள்ளேதான் இருக்கிறது. ஆலை எந்திரங்களை இயக்கும் பிஎல்சி என்னும் சிறு கட்டுப்பாட்டுக் கணினி 1960களின் இறுதியில், அமெரிக்கக் கார் ஆலைகளில் சுவர் சுவராக நின்ற ரிலே பெட்டிகளுக்கு மாற்றாகப் பிறந்தது. 1969இல் வந்த மோடிகான் 084 அவற்றுள் முன்னோடி. ரிலேச் சுற்றுகளை வரைந்தும் பழுதுபார்த்தும் பழகியிருந்த மின்பணியாளர்கள் புதிதாக எதையும் கற்கவேண்டியிராதபடி, அவர்கள் வரைந்துவந்த சுற்றுப்படத்தையே நிரல்மொழியாக்கினார்கள். இரண்டு செங்குத்துக் கோடுகளுக்கு நடுவே ஏணிப் படிகள்போல் தோன்றுவதால் அதற்கு ‘லேடர்’ என்று பெயர். அரை நூற்றாண்டு கடந்தும் ஆலைகளில் லேடர் நிலைத்திருக்கிறது. அது மட்டுமா, 1993இல் வெளிவந்த ஐஇசி 61131-3 என்னும் பன்னாட்டுத் தரம், லேடர் போன்ற படமொழிகளையும், பாஸ்கலைப் போல வாக்கியமாக எழுதும் எழுத்துமொழியையும் சேர்த்து ஐந்து மொழிகளை ஒரே கூரையின்கீழ் ஏற்றுக்கொண்டது. ஆக, படநிரல் தோற்கவேண்டியது என்று சொல்பவர்களுக்கு எதிராக, ஒவ்வொரு ஷிஃப்டிலும் ஓடிக்கொண்டிருக்கும் சான்று இது.

ஆனால் அந்தச் சான்று எதை நிரூபிக்கிறது என்பதைக் கூர்ந்து பார்க்கவேண்டும். லேடர் நிலைத்தது அது எளிது என்பதால் அன்று. பெரிய எந்திரம் ஒன்றின் லேடர் நிரல் பல நூறு படிகளுக்கு நீளக்கூடியது, அதைப் புதியவர் ஒருவர் பார்த்த மாத்திரத்தில் புரிந்துகொள்ள முடியாது. அது நிலைத்ததற்கு மூன்று காரணங்கள் உண்டு. எழுதுபவர் ஒருவர், படிப்பவர் வேறொருவர் என்பது அங்கே தொடக்கத்திலேயே தெரிந்திருந்தது. நள்ளிரவில் கன்வேயர் நின்றுவிட்டால், நிரலை எழுதிய பொறியாளரைத் தேடுவதில்லை. மெயின்டனன்ஸ் பணியாளர் மடிக்கணினியைச் செருகித் திரையைப் பார்க்கிறார், மின்னோட்டம் எந்தப் படி வரை வந்து எந்தத் தொடர்பில் நிற்கிறது என்பது ஓடும் நிலையிலேயே அங்கு வண்ணத்தில் தெரிகிறது, அந்தத் தொடர்புக்குரிய சென்சாரைப் போய்ப் பார்க்கிறார். அடுத்து, அந்தப் படமொழி படிப்பவர் ஏற்கெனவே அறிந்திருந்த மொழி, புதிதாகத் திணிக்கப்பட்டதன்று. மூன்றாவதாக, அதன் குறியீடுகள் தரத்தால் கட்டுப்பட்டவை. யாரோ ஒருவர் ஓய்வுநேரத்தில் செய்துவைத்த பெட்டி அங்கே நுழைவதில்லை. அதே சமயம், கணக்கீடு அதிகமாகும் இடத்தில், சூத்திரங்களும் பட்டியல்களும் சுழல்களும் வரும் இடத்தில், அதே ஆலையின் அதே கட்டுப்பாட்டுப் பொறியாளர் லேடரை விட்டு எழுத்துமொழிக்கு மாறிக்கொள்கிறார். யாரும் அவரிடம் நிரல் தெரிந்தவரா தெரியாதவரா என்று கேட்பதில்லை.

இந்த மூன்று காரணங்களையும் அலுவலகத்தின் டைனமோ கிராஃபோடு ஒப்பிட்டால் இடைவெளி புலப்படும். கிராஃபை எழுதியவரைத் தவிர வேறு யாரேனும் படிக்கப்போகிறார் என்ற எண்ணத்தோடு அமைக்கப்பட்ட கிராஃப் அரிது. முந்நூறு கணுக்கள் கம்பிகளால் பின்னிப் பிணைந்து கிடக்கும் ஒன்றை, எழுதியவர் வேலையை விட்டுப் போனபின் திறந்துபார்ப்பவர், அதைப் புரிந்துகொள்வதைவிடப் புதிதாக எழுதுவதையே தேர்கிறார். அதன் கணுக்களில் பல, உலகின் எங்கோ இருக்கும் ஆர்வலர்கள் இலவசமாகச் செய்து வெளியிட்ட பொதிகளிலிருந்து வருகின்றன. கிளாக்வொர்க், ரிதம் போன்ற பொதிகள் இல்லாமல் டைனமோ உலகம் இயங்காது என்று சொல்லும் அளவுக்கு அவை பயன்தருபவை, ஆனால் அவற்றை ஆண்டுதோறும் புதுப்பிக்கும் கடமை அந்த ஆர்வலர்கள் யாருக்கும் இல்லை. மாற்றங்களை ஒப்பிட்டுப் பார்க்கும் வசதியும் குறைவு. 2018இல் வந்த டைனமோ 2.0 முதல் கிராஃப்கள் ஜேசன் என்னும் எழுத்து வடிவில் சேமிக்கப்பட்டாலும், ஒரு கணுவைத் திரையில் சற்றே தள்ளிவைத்தால்கூட அதன் இட எண்கள் மாறிக் கோப்பும் மாறிவிடுவதால், நேற்றைய கோப்புக்கும் இன்றையதற்கும் உள்ள உண்மையான வேறுபாடு அந்த இரைச்சலில் மூழ்கிவிடுகிறது.

எழுத்து நிரலாளர்களின் செருக்குக்கும் இங்கே இடமில்லை. கிராஃப் என்பது விளையாட்டுப் பொம்மை, உண்மையான வேலை சி ஷார்ப்பில்தான் என்று சொல்பவர்கள், தங்கள் ஆட்-இன்களும் ஆண்டுதோறும் உடைவதைக் குறைத்தே பேசுகிறார்கள். ரெவிட் 2022இல் அலகுகளைக் குறிக்கும் பழைய முறை ஏபிஐயிலிருந்து நீக்கப்பட்டது. 2024இல் ஒவ்வொரு பொருளின் அடையாள எண்ணும் 32 பிட்டிலிருந்து 64 பிட்டாக விரிந்தது. 2025இல் முழு மென்பொருளும் டாட்நெட் 8க்கு மாறியதால் ஆட்-இன்களை அதற்கேற்ப மறுபடி கட்டவேண்டியதாயிற்று. டைனமோவின் பைத்தான் கணுக்களும் தப்பவில்லை. பைத்தான் 2க்கான ஆதரவு 2020இன் தொடக்கத்தோடு முடிந்ததால் அவை புதிய பைத்தானுக்கு மாறவேண்டியிருந்தது. ஆக, முதுமையிலிருந்து எந்த வழியும் காப்பதில்லை. எழுத்து நிரல் உடையும்போது, எந்தக் கோப்பில் எந்த வரி என்று தொகுப்பி சுட்டிக்காட்டும், அதைத் திருத்தியவர் என்ன திருத்தினார் என்பது பதிவாகும், அவ்வளவே அதன் மேன்மை. ஆனால் ஆண்டுக்கு ஒருமுறை அந்த வேலையைச் செய்ய ஆளில்லாத அலுவலகத்துக்கு அந்த மேன்மையால் பயனில்லை.

படநிரலுக்கே உரிய இடத்தையும் மறுக்கமுடியாது. ஓர் ஆலைக் கொட்டகையின் தூண் இடைவெளியை 6 மீட்டரிலிருந்து 7.5 மீட்டருக்கு நகர்த்தினால் கூரையின் சாய்வும் எஃகின் எடையும் எப்படி மாறும் என்பதை, நழுவுகோல் ஒன்றை விரலால் தள்ளியபடியே கண்ணால் பார்ப்பதற்கு கிராஸ்ஹாப்பருக்கு இணையான எழுத்துக் கருவி எளிதில் கிடைக்காது. விடை இன்னும் தெரியாத நிலையில், கேள்வியையே தேடிக்கொண்டிருக்கும் வடிவமைப்பாளருக்கு அது ஏற்றது. அந்தத் தேடல் முடிந்து, விடை விதியாக மாறி, ஒவ்வொரு திட்டத்திலும் ஓடவேண்டியதாகும்போதுதான் இடம் மாறவேண்டும். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019 உயர்மாடிக் கட்டடத்துக்கான எல்லையை 18.30 மீட்டரில் வைக்கின்றன. 2016ஆம் ஆண்டின் தேசியக் கட்டடக் குறியீடு 15 மீட்டரிலிருந்தே உயர்மாடி என்கிறது. எல்லைக்கு அந்தப் பக்கம் கர்நாடகத்தின் விதிகள் தனி. இரு மாநிலங்களிலும் வேலை செய்யும் ஓசூர் அலுவலகம் ஒன்று, இத்தகைய எண்களைச் சோதிக்கும் தானியக்கத்தை அமைத்தால், எந்த எண் எந்த விதியிலிருந்து வந்தது, எந்த நாளில் மாற்றப்பட்டது, யார் மாற்றினார் என்பவை எண்ணைவிட முதன்மையானவை. ஏதோ ஒரு கணுவுக்குள் 18.3 என்று தட்டிவைத்த எண், விதி திருத்தப்படும் நாளில் யாருடைய நினைவிலும் இருக்காது.

இவ்வளவு தெளிவான விஷயத்தில் நம்பிக்கை இவ்வளவு உறுதியாக நிற்பதற்குக் காரணம், அதனால் ஆதாயம் பெறுபவர்கள் இருப்பதே. ‘கோடிங் தேவையில்லை’ என்ற சொற்றொடர் பயிற்சி நிலையத்துக்கு மாணவரைக் கொண்டுவருகிறது. மென்பொருள் விற்பவருக்கு வாடிக்கையாளரின் தயக்கத்தை நீக்கித் தருகிறது. அலுவலக நிர்வாகத்துக்கு அதனினும் பெரிய ஆதாயம் உண்டு. கிராஃப் எழுதுபவர் நிரலாளர் அல்லர் என்றாகிவிட்டால், அவர் சம்பளப் பட்டியலில் வரைவாளராகவே தொடரலாம்; அவருடைய வேலையைச் சரிபார்க்க இன்னொருவரை வைக்கவேண்டியதில்லை; சோதனைக்கும் ஆவணத்துக்கும் நேரம் ஒதுக்கவேண்டியதில்லை; பிழை வந்தால் அது மென்பொருளின் பிழை, நல்லது நடந்தால் அது டைனமோவின் திறமை. பகலில் வரைபடங்களை முடித்துக்கொடுத்துவிட்டு மாலையில் அலுவலகம் முழுவதும் பயன்படுத்தும் கிராஃபைப் பழுதுபார்க்கும் இளைஞர்களின் உழைப்பு, அதற்கு நிரல் என்ற பெயர் மறுக்கப்படுவதாலேயே கணக்கில் ஏறாமல் போகிறது. நிரல் தெரியாதவர்களுக்கு நன்மை செய்வதாகத் தோன்றும் நம்பிக்கை, உண்மையில் நிரல் எழுதிக்கொண்டிருப்பவர்களுக்கே கூலி மறுக்கிறது.

அண்மையில், கேட்டதும் பைத்தான் எழுதித்தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் வந்ததும் இதே நம்பிக்கை உடை மாற்றிக்கொண்டு திரும்பியிருக்கிறது. இனி கம்பியும் வேண்டாம், வரியும் வேண்டாம் என்கிறார்கள். எழுதும் சுமை குறைந்திருப்பது மெய்தான். படிக்கும் சுமையோ கூடியிருக்கிறது. 96 பலகைக்கு 95 எண் வந்ததை அந்தக் கருவி எழுதிய நிரலில் கண்டுபிடிக்க, பட்டியல் என்றால் என்ன, அடி எது மில்லிமீட்டர் எது என்று அறிந்த ஒரு மனிதர் தேவைப்படுகிறார்.

ஆகவே தேர்வுக்கான கேள்வி, எழுதுபவருக்கு எது எளிது என்பதாக இருக்கமுடியாது. இது எத்தனை முறை ஓடப்போகிறது, எழுதியவர் இல்லாத நாளில் யார் படிக்கப்போகிறார், தவறினால் எங்கே போய் முட்டும் என்பவையே கேள்விகள். ஒருமுறை ஓடி முடிவதும், கண்ணால் தேடித் துழாவுவதும் கிராஃபுக்கு உரியவை. இரண்டாவது திட்டத்திலும் ஓடப்போவது, விதியைச் சோதிப்பது, வெளியே அறுப்பாலைக்கோ தகட்டுப் பட்டறைக்கோ அளவை அனுப்புவது ஆகியவை எழுத்தில் இருக்கவேண்டும். அந்த எழுத்தைப் பேண ஆளில்லாத சிறு அலுவலகம், அவற்றை கிராஃபிலேயே வைத்துக்கொள்ளட்டும், ஆனால் ஆலையின் லேடரைப் போல, கணுக்களைக் குழுக்களாக்கி, ஒவ்வொரு குழுவுக்கும் பெயரெழுதி, வெளிப் பொதிகளைத் தவிர்த்து, பட்டியல்களின் நீளத்தைச் சோதிக்கும் கணுவை நடுவே வைத்து, இன்னொருவர் படிப்பார் என்ற கவலையோடு வைத்துக்கொள்ளட்டும்.

கோடிங் தேவையில்லை என்ற விளம்பரத்தைக் கண்டு பயிற்சிக் கட்டணத்தோடு வரிசையில் நிற்கும் பர்கூர், கிருஷ்ணகிரி மாணவர்கள் பணத்தைக் கட்டுமுன் அந்த நிலையத்திடம் ஒன்றைக் கேட்டுப் பார்க்கவேண்டும்: இரண்டு பட்டியல்களின் நீளம் பொருந்தாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு உங்கள் பாடத்திட்டத்தில் எத்தனை மணி நேரம் ஒதுக்கியிருக்கிறீர்கள்?